பேர் வெட்டின டப்பா

ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்த மறுநாள் ஏலப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் யாராக இருந்தாலும், கலெக்டராகவே இருந்தாலும், ஒன்பது தும்மல் தும்மிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும், ஏனென்றால் அன்றைக்குத்தான் ஊரில் உள்ள அத்தனை அடுப்பிலும் மிளகாய் வறுபடும், மல்லி வறுபடும், மிளகும் சுக்கும் சீரகமும் வறுபடும், கூதலுக்கு இதமான மசாலாப் பொடியை வீட்டுக்கு வீடு இடித்து எடுத்து வைப்பார்கள், மலையிலிருந்து இறங்கி வருகிற மேகம்கூட ஊருக்கு மேலே வந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாலு துளியைக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போகும்.

அந்த ஊருக்கு மேற்கே ஸ்ரீ ஐஸ்வர்யா நகர் என்று ஒன்று இருக்கிறது. இருபத்திரண்டு வீடு. ரிட்டயர் ஆன எஞ்சினியர், ரிட்டயர் ஆகப்போகிற தலைமையாசிரியர், ஏலக்காய் ஏஜெண்டு, உரக்கடைக்காரர் என்று ஊருக்குள் இருந்தவரை யாரும் திரும்பிப் பார்க்காத ஆட்கள் எல்லாம் வெளியே வந்து காம்பவுண்டு கட்டி, கேட்டு போட்டு, கேட்டுக்கு மேலே பேரைப் பித்தளையில் பதித்து, ஒரே வருசத்தில் பெரிய மனிதர்களாகிவிட்ட இடம் அது. அங்கே பொடியை இடித்தால் மட்டும் போதாது, கொடுக்கவும் வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் சங்கத் தலைவர் மகாலிங்கத்தின் வீட்டு போர்ட்டிகோவில் சீட்டு எழுதிக் குலுக்குவார்கள். யார் பேர் கைக்கு வருகிறதோ அந்த வீட்டுக்குத் தன் வீட்டுப் பொடியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ரிப்பன் கட்டி, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒற்றுமைப் பொடி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். சிரிக்கிறவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிட்டு மேலே கேளுங்கள்.

அந்த ஒற்றுமையின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் சம்சாரம் கோமளவல்லி வெந்தயத்தைக் கருக்கிப் போட்டு இடித்த பொடியில் ரசம் வைத்தால் வீடே ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும், அதைத்தான் அவர் பாரம்பரியம் என்பார். எட்டாம் நம்பர் இந்திராணி உரலையே கண்ணால் பார்த்தவள் இல்லை. கடை பாக்கெட்டைக் கத்தரித்துக் கொட்டி, அதன் மேலே ரெண்டு கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, "ராத்திரியெல்லாம் தூங்கலக்கா, கையெல்லாம் எரிச்சல்" என்று விரலை ஊதிக் காட்டுவாள். எல்லோருக்கும் எல்லோருடைய யோக்கியதையும் தெரியும். ஆனாலும் வாங்குவார்கள், வாயைக் குவித்து மோந்து பார்ப்பார்கள், ஆகா என்பார்கள்.

டப்பாவுக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. வந்த டப்பாவைப் பொடியோடு அப்படியே திருப்பிக் கொடுத்தால், கொடுத்தவளை வாசலில் நிற்க வைத்து அறைந்த மாதிரி. குப்பையில் கொட்டினால், தீபாவளிக்கு வந்த லட்சுமியைத் தெருவில் தள்ளிய பாவம். டப்பாவில் வெட்டியிருக்கிற பேரைச் சுரண்டினால் சுரண்டின வீடு விளங்காது. ஆகவே வந்த பொடியை ஒன்று சமைத்துச் சாப்பிட வேண்டும், இல்லை சத்தம் போடாமல் இன்னொருத்தி தலையில் கட்ட வேண்டும். இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எழுதி வைத்த எந்தச் சட்டத்தையும் அந்த நகர் இவ்வளவு ஒழுங்காக மதித்ததில்லை.

பதினேழாம் நம்பர் வீட்டை அஞ்சுகம் வாங்கினாள். ஏலப்பேட்டை தபாலாபீசில் போஸ்ட் மாஸ்டர் அவள்தான். புருசன் தங்கராசு மின்வாரியத்தில் லைன்மேன். அஞ்சுகம் பிறந்தது ஊருக்குக் கிழக்கே, காலனியில். ஊருக்கு மேற்கே வீடு கட்டினால் நகர் என்கிறார்கள், கிழக்கே கட்டினால் காலனி என்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை கிலோமீட்டர்தான், மேற்கே இருக்கிறவர்களுக்கு மட்டும் அது கடலைத் தாண்டுகிற தூரம். அவள் குடிவந்த அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவ்வளவு நாகரிகம். ஒருத்தரை ஒருத்தர் அக்கா, மதினி, அத்தாச்சி என்று கூப்பிட்டுக்கொள்கிற அந்தத் தெருவில் அவளை மட்டும் எல்லோரும் "மேடம்" என்றார்கள். தங்கராசு அவர்கள் வீட்டுக் கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் போட்டுவிட்டு இறங்கினால், "பாவம், வெயில்ல நிக்கிறாரு" என்று பேப்பர் கப்பில் தண்ணீர் வரும், கப்பைக் கசக்கிப் போடக் குப்பைத் தொட்டியும் கூடவே வரும்.

இரண்டு வருசம் குலுக்கலில் அவள் சீட்டு இல்லை. "எப்படியோ விட்டுப்போச்சு மேடம்" என்றார் மகாலிங்கம் இரண்டு வருசமும், அதே சிரிப்போடு. மூன்றாம் வருசம் அஞ்சுகம் தன் பேரைத் தானே எழுதி, நாலாய் மடித்து, எல்லோரும் பார்க்கச் சொம்பில் போட்டாள், போட்டுவிட்டுக் கையை விட்டு ஒரு சீட்டையும் எடுத்தாள். கோமளவல்லி என்று வந்தது. போர்ட்டிகோவில் இருந்தவர்கள் அவரவர் சீட்டை மறுபடி பிரித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கு எதுக்கு புள்ள இந்த வம்பு?" என்றான் தங்கராசு வீட்டுக்கு வந்ததும். "அவுங்க மூஞ்சியே உனக்குப் பிடிக்காது."

"பிடிக்காதுதான். ஒரு கழுதைக்கும் அடுப்புல என்ன வேகுதுன்னு தெரியாது. ஆனா ஒரு வீட்டுலயாவது என் பொடி கொதிக்கணும். ஒரே ஒரு தடவ. அந்த வாசன சன்னல் வழியா என் மூக்குக்கு வரணும்."

"வந்தா?"

"வந்தா நாம இந்தத் தெருவுல குடியிருக்கோம்."

"வராட்டி?"

"வராட்டி ஒரு வீடு வாங்கிருக்கோம், அவ்வளவுதான்."

தங்கராசு மொட்டைமாடியில் காய்ந்த மிளகாயை மழைக்கு முன்னால் அள்ளப் போனான்.

அஞ்சுகம் பொடி இடித்தாள். குண்டு மிளகாயைக் கைச்சூடு பொறுக்கும்வரை வறுத்தாள், மல்லி வெடிக்கும்வரை வறுத்தாள், மிளகு, சீரகம், சுக்கு, கொஞ்சம் கல்பாசி, காய்ந்த கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, முறத்தில் ஆறப்போட்டாள். கடைசியாக ஏலத்தோல். அவள் அம்மா ஏலக்காய் கிட்டங்கியில் முப்பது வருசம் காய் தரம் பிரித்தவள், காயில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, வாசலில் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வரவேண்டும், உடைந்து உதிர்ந்த தோலை மட்டும் அள்ளிக்கொள்ள விடுவார்கள். அந்தத் தோலை மொறுமொறுப்பாக வறுத்து, நுணுக்கி, சலித்து, பொடியில் கலக்கிறது கிழக்குக் காலனியில் மட்டும் உண்டு. காயைத் தின்றவர்களுக்குத் தோலின் ருசி தெரியாது என்று அஞ்சுகம் பெருமையாகவே சொல்வாள். இரும்பு உரலில் மூன்று முறை இடித்து மூன்று முறை சலித்து, சரியாகக் கால் கிலோவை, கல்யாணத்துக்கு வந்த, மூடிக்குக் கீழே அஞ்சுகம் என்று பேர் வெட்டின டப்பாவில் போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டினாள்.

"அய்யோ, எதுக்கு மேடம் சிரமம்" என்று கோமளவல்லி அதை இரண்டு விரலால் வாங்கினார். வாங்கி, சமையலறைக்குக் கொண்டுபோகாமல், கொல்லைப் பக்கம் வாஷிங் மிஷின் மேலே வைத்தார். மூன்று நாள் அங்கேயே இருந்தது. நாலாம் நாள், ரிப்பனை மட்டும் பச்சையாக மாற்றி, "எனக்குக் காரம் ஒத்துக்கல இந்திராணி, நீ வச்சுக்க" என்று எட்டாம் நம்பரில் கொடுத்தபோது டப்பா ஒரு கிலோ கனத்தது. இந்திராணி பேரைப் பார்த்தாள், கோமளவல்லியைப் பார்த்தாள், "எங்க வீட்லயும் அல்சர்க்கா" என்று முனகினாள். ஆனால் தலைவர் வீட்டில் இருந்து வந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கி, செருப்பு ஸ்டாண்டில் வைத்தாள். அவள் உரக்கடைக்காரர் வீட்டில் கொடுத்தபோது டப்பா நாலு கிலோ கனத்தது, அவர்கள் தலைமையாசிரியர் வீட்டில் கொடுத்தபோது ஒரு அரிசிச் சிப்பத்தின் கனம் கனத்தது, அவர் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக ஒரு சைக்கிளும் இரண்டு ஆளும் வேண்டியிருந்தது.

கைமாறக் கைமாறக் கனம் ஏறுவதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை, தொந்தரவாகத்தான் நினைத்தார்கள். "வந்த டப்பா கொஞ்சம் கனமா இருக்குக்கா, இடுப்புப் பிடிச்சுக்கிச்சு" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். டைல்ஸ் விரிகிறது என்று பன்னிரண்டாம் நம்பர் புகார் எழுதிக் கொடுத்தார். மகாலிங்கம் பொதுப்பணித்துறையில் எஞ்சினியராக இருந்தவர் அல்லவா, வீட்டுக்கு வீடு போய், எந்தத் தரை எவ்வளவு கனம் தாங்கும் என்று சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தார். ஒரு வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் டப்பா இருக்கக்கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. தூக்குவதற்கு லோடுமேன் பரமனையும் அவன் ஆட்கள் மூன்று பேரையும் நகருக்கென்றே அமர்த்தியது. பதினேழாம் நம்பர் ஆபீசுக்குப் போன பிறகுதான் டப்பா தெருவில் இறங்கும். பரமன் ஒருநாள் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டே கேட்டான், "ஏன் தலைவரே, இதத் தொறந்து ஆளுக்கு ஒரு கரண்டி குழம்புல போட்டுத் தீத்துட்டா வேல முடிஞ்சிரும்ல?"

மகாலிங்கம் அவனை ஒரு பார்வை பார்த்தார். "உனக்குச் சொன்னாப் புரியாது பரமா."

பரமனுக்கு நன்றாகவே புரிந்தது. அவன் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு தூக்கப் போனான்.

தீபாவளி வந்தது, போனது. அஞ்சுகம் தினமும் காலையில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மூக்கைத் தீட்டி நின்றாள். கருகிய வெந்தயம் வந்தது, கடை மசாலா வந்தது, மட்டமான நெய் வந்தது, ஏலத்தோல் மட்டும் வரவில்லை. கோமளவல்லியைத் தெருவில் பார்த்தபோது, "பொடி எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள். "பிரமாதம் மேடம், அவரு நாக்கச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாரு" என்றார் கோமளவல்லி, கண் இமைக்காமல். அன்றைக்கு முழுக்க அஞ்சுகம் ஆபீசில் தபால் முத்திரை குத்துகிறபோதெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

நாலு நாள் கழித்துத் தபாலாபீஸ் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இந்திராணி இறங்கினாள். அவளுக்கு டப்பா இரண்டாம் சுற்றில் திரும்ப வந்திருந்தது, நகரில் இனிமேல் தள்ளிவிட ஆள் இல்லை என்பதால் கோயம்புத்தூரில் இருக்கிற நாத்தனாருக்குப் பார்சல் அனுப்பிவிடலாம் என்று மூளை வேலை செய்திருக்கிறது. பேர் தெரியாமல் இருக்க வெள்ளைத் துணியால் சுற்றித் தைத்திருந்தாள். அன்றைக்குக் கவுண்டர் கிளார்க் லீவு என்பதும், போஸ்ட் மாஸ்டரே கவுண்டரில் உட்கார்ந்திருப்பாள் என்பதும் அந்த மூளைக்கு எட்டவில்லை. பரமனும் ஆட்களும் நரம்பு புடைக்க அந்தச் சின்னப் பொட்டலத்தைத் தூக்கி வந்து தராசில் வைத்தார்கள். முள் ஒரு சுற்றுச் சுற்றி, கம்பியில் முட்டி, வளைந்து நின்றது.

"உள்ள என்ன இருக்கு?" என்றாள் அஞ்சுகம். பார்சலுக்குக் கேட்கிற வழக்கமான கேள்விதான்.

"பொடி மேடம்." இந்திராணிக்கு முகம் வேர்த்துவிட்டது.

"என்ன பொடி?"

"மசாலாப் பொடி. கடையில வாங்குனது."

துணியின் தையல் இடைவெளியில் ஏலத்தோல் மணந்தது. அஞ்சுகம் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை. பிறகு பரமனைப் பார்த்து, "எத்தன வீடு சுத்திருச்சுண்ணே?" என்று கேட்டாள்.

பரமன் தலையைக் குனிந்துகொண்டான். "உங்க வீடு ஒண்ணு தவிர எல்லா வீடும்மா. ரெண்டாஞ் சுத்து ஆரம்பிச்சிருச்சு."

"ஒரு வீட்டுலயும் தொறக்கலயா?"

"ரிப்பனத்தான் மாத்துனாக."

இந்திராணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அஞ்சுகம் கையைக் காட்டி நிறுத்தினாள். "இவ்வளவு கனத்த சர்க்கார் ஏத்துக்காதும்மா. நீங்களே வச்சுக்கங்க. அடுத்த ஆள் வாங்க" என்றாள். பின்னால் நின்ற மணியார்டர் பெரியவருக்கு ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தாள், தப்பில்லாமல் நிரப்பினாள், அதன் பிறகு உள்ளே போய், சாக்குக் கட்டுகளுக்கு நடுவே நின்று அழுதாள். தன் பொடிக்காக அழுதாளா, பிரமாதம் என்ற ஒரு வார்த்தையை நம்பி நாலு நாள் சிரித்துக்கொண்டு திரிந்ததற்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

லோடு ஆட்டோ திரும்பி வருகிற வழியில் நகரின் நாலு தெருவும் சேர்கிற முக்கில் அச்சு முறிந்தது. டப்பா உருண்டு விழுந்து, சிமெண்டு ரோட்டை ஒரு முழம் உடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது. துணி கிழிந்துபோய், பேர் வெட்டின பக்கம் மேலே தெரிந்தது. பரமன் ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பினார்கள், கடப்பாரை வளைந்தது. ஜேசிபி வந்தது, அதன் பல் ஒன்று கழன்றது. மூன்று நாள் கார்கள் சுற்றிக்கொண்டு போயின. நாலாம் நாள் காலையில் கோமளவல்லி தலைக்குக் குளித்து, ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரோடு வந்து டப்பாவின் மேலே ஊற்றி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார்.

"இது சாதாரண டப்பா இல்ல" என்றார். "அம்மன் எறங்கியிருக்கா. இல்லாட்டி இவ்வளவு கனம் கனக்குமா?"

அப்பாடா என்று நகருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தின்ன முடியாததைக் கும்பிட்டுவிடலாம், எவ்வளவு பெரிய சௌகரியம்! இருபத்தொரு வீடும் பூவோடு வந்தது. மகாலிங்கம் குழியைச் சுற்றிக் கம்பி வேலிக்கு அளவெடுத்தார். பந்தல் வந்தது, மைக் செட் வந்தது. அம்மன் பேர் என்ன என்று மைக் செட்டுக்காரன் கேட்டபோதுதான் கொஞ்சம் தடுமாறினார்கள். பேர் அதிலேயே வெட்டியிருந்தது.

"அது அந்த மேடம் பேருல்லக்கா?" என்று இந்திராணி காதைக் கடித்தாள்.

"அம்மன் பேரத்தான் அவுகளுக்கு வச்சிருக்காக. அதுக்கு நாம என்ன பண்றது" என்றார் கோமளவல்லி.

அப்படியாக, கார்த்திகை மாசம் பிறந்ததிலிருந்து காலையும் மாலையும், அஞ்சுகத்தாயே, அஞ்சுகத்தாயே என்று நகர் முழுக்க ஒலித்தது. தலைமையாசிரியர் வெண்பா எழுதினார். உரக்கடைக்காரர் விழுந்து கும்பிட்டு எழுந்தபோது நெற்றியில் சிமெண்டுத் தூள் ஒட்டியிருந்தது. தன் பேரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களைத் தாண்டித்தான் அஞ்சுகம் தினமும் ஆபீசுக்குப் போனாள். பார்த்தால் "வணக்கம் மேடம்" என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, அஞ்சுகம் அடுப்பில் தட்டப்பயறை வேகப்போட்டுவிட்டு, கத்திரிக்காயை அரிந்து தண்ணீரில் போட்டுவிட்டு, பொடி டப்பாவைத் திறந்தாள். காலி. அவள் வீட்டுக்கென்று வைத்த பொடி தீர்ந்துபோயிருந்தது. அடுப்பைத் தணித்து வைத்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். தங்கராசு பின்னாலேயே குடையோடு ஓடினான்.

முக்கில் உச்சிகாலப் பூசை நடந்துகொண்டிருந்தது. அஞ்சுகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"மேடம், மேடம், கொஞ்சம் தள்ளி நின்னு கும்பிடுங்க" என்றார் கோமளவல்லி.

"கும்பிட வரல. என் டப்பா வேணும். குழம்புக்குப் பொடி இல்ல."

"என்ன மேடம் பேசுறீங்க? ஜேசிபி வந்தே தூக்க முடியல!"

அஞ்சுகம் குனிந்தாள். மாலையை எடுத்து ஓரமாக வைத்தாள். குழிக்குள் கையை விட்டு, ஒரு கையால் டப்பாவை எடுத்தாள். அவள் கைக்கு அது கால் கிலோதான் கனத்தது, அவள் நிறுத்துப் போட்ட அதே கால் கிலோ. முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். கூட்டத்தில் யாரும் அதற்காக வாயைப் பிளக்கவில்லை. "அம்மனத் தொட்டுட்டாளே!" என்றுதான் இரண்டு பேர் பதறினார்கள். பந்தல் ஓரமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்த பரமன் மட்டும், "அவுக டப்பா. அவுகளுக்கு எதுக்குக் கனக்கப்போகுது?" என்று சொல்லிவிட்டு மறுபடி பீடியை இழுத்தான்.

அந்தப் பொடி குழம்பில் விழுந்து கொதித்த வாசனையை எப்படிச் சொல்வது? அது சன்னல் வழியாக இறங்கி, தூறலில் நனையாமல், இருபத்தொரு வீட்டு வாசலிலும் போய் நின்று ஒவ்வொருத்தர் மூக்கையும் பிடித்து இழுத்தது. பாதிச் சாப்பாட்டில் இருந்தவர்களுக்குத் தட்டில் இருந்தது வைக்கோலாகத் தெரிந்தது. வாழ்நாளில் நல்ல சாப்பாடே சாப்பிட்டதில்லை என்று மகாலிங்கத்துக்கு அறுபத்து மூன்று வயதில், கையில் பிசைந்த சோற்றோடு, திடீரென்று புரிந்தது. அரை மணி நேரத்தில் பதினேழாம் நம்பர் கேட்டுக்கு வெளியே, ஆளுக்கொரு கிண்ணத்தோடு, நகர் மொத்தமும் மழையில் நின்றது. முன்னால் கோமளவல்லி.

"மேடம், அம்மன் பிரசாதம், கொஞ்சம் ஊத்துங்க" என்றார். எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது.

"பிரசாதம் இல்ல. குழம்பு" என்றாள் அஞ்சுகம் வாசப்படியில் நின்று. "உள்ள வாங்க. இலை போடுறேன், உக்காந்து சாப்பிடுங்க."

கேட்டு திறந்துதான் இருந்தது. ஒருத்தரும் நகரவில்லை. தலைமையாசிரியர் கிண்ணத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார்.

"வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுக்கிறோம் மேடம். பிரசாதத்த அப்படித்தான சாப்பிடணும்" என்றாள் இந்திராணி.

தங்கராசு அஞ்சுகத்தின் காதருகே குனிந்தான். "ஊத்திரு புள்ள. நீ கேட்டது இதுதான? இருபத்தொரு வீட்லயும் உன் பொடி. என்னமும் பேர் சொல்லிட்டுப் போகட்டும், தின்னாப் போதும்ல."

அவன் சொன்னது நிசம்தான். மூன்று வருசமாக அவள் ஏங்கியது இதற்குத்தான், இப்போது கரண்டியைச் சாய்த்தால் போதும், நீட்டிய கிண்ணங்கள் வரிசையாக நிற்கின்றன. அஞ்சுகம் உள்ளே போய்க் கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். குழம்பை மொண்டாள். மொண்ட கரண்டியோடு வாசலுக்கு வந்து கோமளவல்லியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பேரச் சொல்லிக் கேளுங்க, ஊத்துறேன்."

"அஞ்சுகத்தாயே!" என்று கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"தாய் வேணாம். கிழக்குக் காலனி அஞ்சுகம் ஆக்குன குழம்பு. அத அப்படியே வாயால சொல்லிட்டு வாங்கிக்கங்க. ஒருத்தர் சொன்னாலும் போதும், எல்லாருக்கும் ஊத்துறேன்."

இந்திராணியின் உதடு அசைந்தது, கி என்று ஒரு எழுத்து வெளியே வந்தது, பக்கத்தில் கோமளவல்லியைப் பார்த்ததும் அப்படியே உள்ளே போய்விட்டது. மகாலிங்கம் தொண்டையைச் செருமி, செருமி, கடைசியில் துப்பிவிட்டுப் போனார். உரக்கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, பசியில்தான். ஒவ்வொருத்தராகத் திரும்பினார்கள். அஞ்சு வார்த்தை. அஞ்சே வார்த்தை சொல்ல வக்கில்லாமல், வெறும் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஓடினார்கள். கோமளவல்லிதான் கடைசியாகப் போனார், போகும்போதும் மோந்துகொண்டே போனார்.

அஞ்சுகம் கரண்டியைச் சட்டியில் கவிழ்த்தாள். கேட்டைப் போய்ச் சாத்தினாள். இந்தக் கூட்டத்தின் வாயில் விழுவதற்காகவா மூன்று ஐப்பசி ஏங்கி, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே இளக்காரமாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே இரண்டு இலை போட்டாள். தங்கராசு மூன்று தரம் சோறு வாங்கினான். அவளும் மூன்று தரம் வாங்கினாள். யாருக்குப் பிடிக்குமோ என்ற கவலை இல்லாமல் தன் பொடியை அவள் சாப்பிட்டது அன்றைக்குத்தான், அது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

நகருக்கு ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. டப்பா போனால் என்ன, குழி இருக்கிறதே. வேலியைக் கட்டி முடித்து, குழிக்கு மஞ்சள் பூசி, குழியாத்தாள் என்று போர்டு வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் அந்த ஓட்டைக்குள் பாலை ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் வெண்பாவில் பேரை மட்டும் அடித்துவிட்டு மாற்றி எழுதினார். மண் குடித்துவிடுகிறது, அம்மன் குடிக்கிறாள் என்கிறார்கள்.

அடுத்த ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள், பதினேழாம் நம்பரில் ஏலத்தோல் வறுபடுகிற வாசனை தெருவை நிறைத்தபோது, கோமளவல்லி குடை பிடித்துக்கொண்டு கேட்டு வரைக்கும் வந்தார். சாத்தியிருந்த கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இந்த வருசம் குலுக்கல்ல உங்க சீட்டு முதல்லயே எழுதி வச்சாச்சு" என்றார். "போன வருசம் மாதிரி இருக்காது. நான் பாத்துக்கிறேன். ஒரு கால் கிலோ..."

அஞ்சுகம் உலக்கையை நிறுத்தாமல், தலையை மட்டும் சன்னல் பக்கம் திருப்பினாள்.

"இல்லக்கா" என்றாள். "எங்களுக்கே பத்தல."